புயல் திசைமாறுக என வேண்டுதல் முறையோ?

1978ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23ஆந் தேதி மட்டக்களப்புக் கரையைச் சூறாவளி தாக்கிற்று. அப்போது எமக்கு வயது 8. எம் தந்தையார் அம்மாவட்டத்துச் சிற்றூரொன்றில் ஆசிரியராய் இருந்தார். அன்னையாரும் யாமும் யாழ்ப்பாணத்தில் இருந்தோம். மறுநாட் காலையில் அயல்வீட்டு ஆச்சி ஒருவர் படலையைத் திறந்துகொண்டு வந்து, “பிள்ளையார் காப்பாற்றிப்போட்டார், பிள்ளை, புயல் எங்கட பக்கம் வராமல் திரும்பிப் போட்டுது” என்றார். அன்னையார் மறுமொழி கூறாது அடுப்படிக்குட் சென்றார். அம்முகத்தை யாம் இன்றுகாறும் மறந்திலேம். திரும்பிய புயல் எங்குச் சென்றது என்பதனை ஆச்சி அறியாதவரல்லர். அக்கணத்தில் அவர்க்கு அது நினைவின்கண் வந்திலது, அவ்வளவே.

அன்பருக்கு இடர் வருங்கால் நாம் கொள்ளுங் கவலை அன்பின் கடமையோ, அன்றி அறியாமையின் விளைவோ என்பது ஒரு வினா. அவ்விடர் அவரைவிட்டு விலகுக என வேண்டுங்கால், அது பிறிதொருவர்மேற் செல்க என்றும் உடன்வேண்டுகின்றோமோ என்பது மற்றொரு வினா. சைவப் பாடசாலைகளிலே பிள்ளைகளுக்கு வழிபாடு கற்பிக்கும் நமக்கு இவ்விரண்டும் ஏட்டளவில் நிற்கும் வினாக்களல்ல.

அவ்வாண்டுச் சூறாவளியில் 900 பேருக்கு மேல் உயிர்நீத்தனர். மட்டக்களப்பு மாவட்டத்துத் தென்னந்தோப்புக்களிற் பெரும்பகுதி வேரோடும் முறிந்தும் அழிந்தது. அது தீவைக் குறுக்கே கடந்து மறுநாள் இராமநாதபுரத்துக் கரையையும் அடைந்தது. தந்திக்கம்பங்கள் சாய்ந்தன, வீதிகளை மரங்கள் மூடின. ஆதலின் எம் வீட்டிற்கு எட்டு நாட்களாக யாதொரு செய்தியும் வந்திலது. கவலை என்பது பெரும்பாலும் துன்பத்தினால் உண்டாவதன்று. செய்தியின்மையால் உண்டாவது என்பதனை யாம் அந்நாளிலேயே கண்டோம். தீய செய்தி வந்தோர் அழுதனர். அழுது, பின் செய்வன செய்தனர். எம் அன்னையாரோ அழவும் மாட்டாது, உண்ணவும் மாட்டாது, வாயிற்படியில் நாட்கணக்கில் இருந்தார்.

கவலைப்படுதல் இறைவனிடத்து நம்பிக்கையின்மை என்று கூறுவார் உளர். யாம் கிறித்தவ மிஷன் கல்லூரியொன்றிற் கற்றவரேம். அங்கே வேதபாடத்திற் படகு புயலில் அகப்பட்ட கதையை ஆசிரியர் கூறி, அஞ்சிய சீடர் கடியப்பட்டதனை எடுத்துக்காட்டுவார். நம்மவரும் தம் முறையில் இதனையே கூறுவர். ஆயினும் சீடர் அஞ்சியது தம் உயிர்க்கு. படகில் இல்லாதார், படகிலுள்ளார் பொருட்டு அஞ்சுவது பிறிதொன்று. அவ்வச்சம் கடியத்தக்கதென்று எமக்குத் தோன்றவில்லை. அன்புடையார் கவலாதிருப்பரேல், அது ஞானமாதலும் கூடும். நெஞ்சு வறண்டமையாதலும் கூடும். புறத்தே நின்று காண்பார்க்கு இரண்டும் ஒன்றுபோலவே காணப்படும்.

இவ்விடத்து நம் மொழியே ஓர் இடர்ப்பாட்டினை வைத்திருக்கின்றது. சித்தாந்த நூல்களிற் பாசம் என்பது உயிரைப் பிணிக்குங் கட்டு. வீட்டு வழக்கிலோ அஃது அன்பிற்கு மறுபெயர். பதி, பசு, பாசம் எனக் கரும்பலகையில் எழுதுந்தோறும், அம்மா என்மீது வைத்த பாசம் தீயதோ என்று வினவும் மாணாக்கர் ஒருவரேனும் இருப்பர். அன்பு எது, கட்டு எது என்று பகுத்தறிதற்கு நூலறிவினும் ஓர் அநுபவம் எமக்கு மிக உதவிற்று. அது எமக்குப் பெருமை தருவதன்று, எனினும் கூறுவோம்.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ‘டித்வா’ என்னும் புயல் இலங்கையிற் புகுந்து, மலைநாட்டில் மண்சரிவுகளையும் நாடெங்கும் பெருவெள்ளத்தையும் விளைத்தது. 600 பேருக்கு மேல் மாண்டனர். எம் தங்கையின் மகன் பதுளைப் பகுதியில் ஆசிரியப்பணியில் இருந்தான். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போக, மூன்று நாள் அவனைப்பற்றி ஒன்றும் அறியேம். கையில் தொலைபேசி இருக்கையில் அது பேசாதிருத்தல், தந்தியை எதிர்பார்த்திருந்த காலத்தினும் கொடிது. அந்நாட்களில் தொலைக்காட்சியின் முன்னின்றும் அகலாது, மலைநாட்டு ஊர்ப்பெயர் ஒவ்வொன்றையும் உற்றுக்கேட்டோம். மண்ணுட் புதையுண்ட வீடுகளைக் கண்டு கண்ணீர் விட்டோம். மூன்றாம் நாள் மாலை அவன் குரல் கேட்டது. வீடு முழுவதும் ஆரவாரம். தங்கை கற்பூரங் கொளுத்தினாள். அவ்வேளையில் யாரோ ஒரு தாய் தன் பிள்ளைகளைத் தேடி அழுவதனைத் தொலைக்காட்சி காட்டிக்கொண்டிருந்தது. அதனை நிறுத்தியது எம் கையே. ஓசை இடையூறாயிருந்தது என்பதே காரணம்.

அத்தாயின்பொருட்டு முந்தைய மூன்று நாளும் யாம் விட்டதாக எண்ணிய கண்ணீர் உண்மையில் யார்பொருட்டு விட்டது என்பது அன்றிரவு உறங்கச் செல்லுங்கால் விளங்கிற்று. இதனைப் பெரும்பாவமென யாம் கூறவில்லை. எல்லார்க்கும் ஒருங்கே அழுதற்கு மானுட நெஞ்சம் போதாது. ஆயினும் கவலையிற் கட்டு எத்துணை, அன்பு எத்துணை என்று அளக்க வேண்டுமாயின், நல்ல செய்தி வந்த பின்னர் எஞ்சி நிற்பது யாது என்று பார்த்தலே வழி.

இனி வேண்டுதலுக்கு வருவோம். வங்கக் கடலிற் பிறக்கும் புயல் வெதுவெதுப்பான நீரினின்று ஆற்றல் பெற்று, வளிமண்டலத்துப் பெருங்காற்றோட்டங்கள் இழுத்த வழியே செல்லும். அது எங்குத் திரும்பினும் அங்கே ஊர் உண்டு. 1964ஆம் ஆண்டு டிசம்பரில் நம் வடபகுதியைக் கடந்த புயலே தனுஷ்கோடியை அழித்து, ஒரு புகைவண்டியைப் பயணிகளோடு கடலுக்கு இரையாக்கிற்று. 1970ஆம் ஆண்டு நவம்பரில் வடக்கு நோக்கிச் சென்றதொன்று, அந்நாளிற் கிழக்குப் பாகிஸ்தான் எனப்பட்ட வங்கநாட்டில் மூன்று இலட்சத்துக்குக் குறையாதோரை மாய்த்தது. ஆகவே ‘திருப்பிவிடுக’ என்பார், ஊர்ப்பெயர் சொல்லாது ஓர் ஊரைச் சுட்டுகின்றார். ‘காத்தருள்க’ என்பார் அங்ஙனஞ் சுட்டுவதில்லை. இரண்டும் ஒன்றென்று கொள்ளுதல் நம் வழக்கத்தின் சோம்பல்.

கடலிலேயே ஒடுங்குக என்று வேண்டலாமே எனின், ஆம், அது நன்று. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையே கரையேறிய ‘புரேவி’, தீவைக் கடந்தபின் மன்னார்க் குடாவில் நின்று மெலிந்தொழிந்தது. எனினும் கடலும் ஆளில்லா இடமன்று. பருத்தித்துறையிலும் மயிலிட்டியிலும் உள்ள பிள்ளைகளிடத்து இதனைச் சொல்லுங்கால் அவர்தம் தந்தையர் எங்கே உளர் என்று கேட்டுக்கொண்டு சொல்லுதல் நன்று.

மாண்டவர்க்கு அஃது ஊழ்வினை என்று கரையிலிருந்து கூறுவாரைக் குறித்து ஒருசொல் உரைத்தல் வேண்டும். யோனாவின் கதையிற் கப்பலோட்டிகள் யார் பாவத்தாற் புயல் வந்ததென்று சீட்டுப்போட்டனர். மிஷன் கல்லூரியில் அதனைக் கேட்டு நகைத்த சைவப்பிள்ளைகளே, பிற்காலத்திற் சீட்டின்றியே தீர்ப்புக் கூறக் கண்டோம். வினைக்கொள்கை தன் நெஞ்சைத் தான் ஆராய்தற்கு உரியது. பிறன் வீடு இடிந்த மேட்டில் ஏறிநின்று அதனை ஓதுதல் கொடுமை. அதற்கு நூலாதரவு தேடுதல் அதனினுங் கொடுமை.

பாடசாலை மீளத் திறந்தபின் மாணவன் ஒருவன், அடுத்த முறை புயல் வந்தால் அது திரும்பிப்போகக் கும்பிடலாமோ என்று எம்மை வினவினான். உன் அம்மாவைக் காக்கும்படி கும்பிடு, அவர் பெயரையும் சொல்லு. புயலுக்கு வழிகாட்டுகிற வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளாதே என்றோம். அவன் சற்று யோசித்து, “அப்ப அது எங்க போகும், சேர்?” என்றான். எமக்கு விடை தெரிந்திலது, அங்ஙனமே கூறினோம்.

1978இல் ஒன்பதாம் நாள் எம் தந்தையார் பாதி வழி நடந்தும் பாதி வழி பாரவண்டியிலுமாக வந்துசேர்ந்தார். கிணற்றடியிற் காலலம்பிக்கொண்டு நின்றவரிடத்து அன்னையார் செம்பை நீட்டி, “உங்களுக்குச் சோறு சமைச்சுத் தந்த அந்த வீட்டுக்காரம்மா எப்படி இருக்கிறா?” என்று கேட்டார். தந்தையார் செம்பை வாங்கி, நெடுநேரம் காலை அலம்பிக்கொண்டே நின்றார்.