எந்தப் படலம்?

ஆய்வுகூடத்தில் கைக்குப் பழகியவை அதிகமில்லை. திசுவிலிருந்து ஆர்.என்.ஏ. பிரித்தல், பி.சி.ஆர்., செல் வளர்ப்பு, கணினியில் மரபணு வரிசைகளை ஒப்பிடுதல். இவற்றில் ஆர்.என்.ஏ.தான் என்னை அடக்கியது. கையுறையில்லாத விரலிலுள்ள நொதியமே அதைச் சிதைத்துவிடும். சிதைந்ததும் சிதையாததும் குழாயில் தண்ணீர் போலவே தெரியும்.

வல்வெட்டித்துறையில் அம்மம்மா இன்னும் வெற்றிலை போடுகிறா. பாக்கு, சுண்ணாம்பு, கொஞ்சம் புகையிலை. ஒருகாலத்தில் கடல் கடந்து திருவிதாங்கூர்வரை போன சரக்கு யாழ்ப்பாணப் புகையிலை, வாய்ப் புற்றுநோய்க்கான பழியும் அதற்கே. ஆனால் 2004 இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை தனிப் பாக்கையும் புற்றுநோய் தரும் பொருளாக அறிவித்தது. பாக்கிலுள்ள அரிகோலின் கன்னத்தின் உட்தோலுக்கடியில் கொலாஜன் நாரைப் பெருக்கும். கன்னம் இறுகும், நாளடைவில் வாய் திறக்காது. இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய்.

"ஆ எண்டு திறவுங்கோ அம்மம்மா."

திறந்தா. கறைதான்.

"ரோச் அடிச்சுப் பார்க்கவோ இவ்வளவு படிச்சனி?"

நியாயமான கேள்வி. வாயைச் சோதிக்க மூலக்கூறு உயிரியல் தேவையில்லை. பழகிய கண்ணுள்ள பல் வைத்தியர் போதும். இதை எங்கள் துறையில் சத்தமாகச் சொல்பவர்கள் குறைவு.

கண் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. வாயில் வரும் வெள்ளைப் படலங்களில் பெரும்பாலானவை புற்றாக மாறுவதில்லை. எது மாறும்? நுணுக்குக்காட்டியில் செல்களின் ஒழுங்கு குலைந்திருந்தால் நோயியலாளர் எச்சரிப்பார், அதுவும் ஓரளவுக்குத்தான். நான் வேலை செய்ய ஆசைப்படுவது அந்த மிச்சத்தில். புதிய மருந்து கண்டுபிடிக்கும் கனவு பல்கலைக்கழகத்துக்குள் நுழையும்போது இருந்தது. இப்போது அது பெரிதாக இழுப்பதில்லை.

2015 இல் அமெரிக்கர்கள் 279 தலை, கழுத்துக் கட்டிகளின் மரபணுத் தொகுதியை வெளியிட்டார்கள். பெரும்பாலும் புகைபிடித்தவர்களின் கட்டிகள். அதற்கு முன்பே, 2013 இல், இந்தியக் குழு ஒன்று ஈறு, கன்னப் புற்றுக்களை வரிசைப்படுத்தியிருந்தது. ஏற்கெனவே தெரிந்த டீபி53 மரபணுவின் பிறழ்வு அங்கும் இருந்தது. கூடவே யூஎஸ்பி9எக்ஸ், ஏஆர்ஐடி2 என்று வேறு மரபணுக்களும் அகப்பட்டன. மெல்லுகிற வாய்களிலேயே தேடியிராவிட்டால் அவை கண்ணில் பட்டிருக்குமா?

தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்து திரட்டிய பணத்தில் எழுந்தது. நோய் முற்றியவரின் கட்டி அங்கே கிடைக்கும். எனக்கு வேண்டியது நோய் வராதவரின் படலம்: சம்மதம் வாங்கி, சின்னத் தூரிகையால் வருடி எடுத்து, அதே ஆளிடம் வருடாவருடம் திரும்பப் போகவேண்டும். கலாநிதிப் பட்டத்துக்கு மூன்று நான்கு வருடம். படலம் பத்து வருடமும் சும்மா இருக்கும். அத்தனை வருட ஆர்.என்.ஏ.யும் சிதையாமல் கிடக்கவேண்டும்.

ஆகவே நிதி விண்ணப்பத்தில் வரிசைப்படுத்தும் இயந்திரத்தை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டேன். முதல் பக்கத்தில் மறை 80 பாகை உறைகுளிரூட்டி, கரண்ட் போனால் ஓட ஒரு ஜெனரேற்றர், அதற்கு டீசல்.