காணாத உலோகமும் கைக்கு வந்த ரொக்கமும்

வளைகுடாவிலுள்ள இஸ்லாமிய வங்கிகள் பலவற்றில், ரொக்கம் தேவைப்பட்டுச் செல்பவரிடம் ‘தவர்ருக்’ என்னும் ஒப்பந்தம் நீட்டப்படுகிறது. வங்கி உலோகம் வாங்கி, அவருக்குத் தவணைக்குக் கூடுதல் விலையில் விற்கும். பிறகு அவருடைய வக்கீலாக நின்று அதையே வேறொருவருக்கு விற்றுப் பணத்தைக் கொடுக்கும். கையொப்பமிட்டவர் அந்த உலோகத்தைக் கண்ணாலும் காண்பதில்லை!

தவணைக்கு விலை கூட்டி விற்பது ஆகும் என்பதே பெரும்பான்மை இமாம்களின் கருத்து. வாங்கிய சரக்கைத் தாமே மூன்றாமவருக்கு விற்பதையும் பலர் அனுமதித்துள்ளனர். எல்லாவற்றையும் வங்கியே முன்கூட்டி ஏற்பாடு செய்தால்? 2009-ல் ஷார்ஜாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, கூடாதென்று தீர்மானித்தது. மலேசியாவிலோ இன்றும் அனுமதியுண்டு.

ஆகுமென்னும் ஆலிம்களைக் குறை கூற நாம் துணியோம். எனினும் 100 வாங்கி 110 கொடுக்கையில், இடையே எழுதிய உலோகத்தின் பெயர் மட்டும் அதை வியாபாரமாக்கிவிடுமா? கையொப்பமிடுமுன், ‘சரக்கை நானே எடுத்து விற்றுக் கொள்ளலாமா?’ என்று கேட்டுப் பாருங்கள்.