விற்றவரின் சம்மதம்

பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளில் தறி ஓட்டும் குடும்பங்களைத் தேடிச் சிறுநீரகத் தரகர்கள் வருவது காவிரிக்கரையில் நெடுங்காலமாக அறிந்த செய்தி. 2025 ஜூலையில் அது மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. ஒவ்வொரு முறையும் எழும் கேள்வி ஒன்று உண்டு: “அவரே சம்மதித்துத்தானே கொடுத்தார்?”

அந்தச் சம்மதம் எங்கே பிறக்கிறது? தறிப்பட்டறையில் சேரும்போதே அட்வான்ஸ் வாங்குவது வழக்கம். பிரசவம், பிள்ளை படிப்பு, கல்யாணம் என்று அது ஏறிக்கொண்டே போகும். கூலியோ நெய்த அளவுக்குத்தான். சரக்கு தேங்கித் தறி நின்றால் கூலியும் நிற்கும். அட்வான்ஸைத் தீர்க்காமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது. அதைத் தீர்க்க வட்டிக்காரர், வட்டியைக் கட்டக் குழுக் கடன். கொத்தடிமை முறையை 1976ஆம் ஆண்டுச் சட்டமும், உறுப்பு வணிகத்தை 1994ஆம் ஆண்டுச் சட்டமும், கந்துவட்டியை 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டமும் தடை செய்துள்ளன. இவ்வளவையும் தாண்டித்தான் தரகர் வாசலில் வந்து நிற்கிறார். வேறு வழியெல்லாம் அடைபட்டவர் தலையாட்டியதைச் சம்மதம் என்பது கொடுமை.

கடனாவது தீர்கிறதா? சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் நடத்திய ஆய்வு 2002இல் வெளியானது. 96 விழுக்காட்டினர் கடனை அடைக்கவே விற்றிருந்தார்கள். அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் அப்போதும் கடனில்தான் இருந்தார்கள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பேசிய தொகைகூட முழுதாகக் கைக்கு வரவில்லை.

ஈரானைப் போலச் சிறுநீரக விற்பனையை அரசே அனுமதித்து ஒழுங்குபடுத்தினால் தரகர் ஒழிவார் என்பவர்கள் உண்டு. தரகர் ஒழியலாம், கடன் ஒழியாது. உடம்பு விற்கத்தக்க சொத்தாகிவிட்டால் கடன் கொடுப்பவர் அதையும் ஈடாகவே கணக்கிடுவார். அதற்காகத் தடை மட்டும் போதும் என்று இருந்துவிடவும் கூடாது. விற்பதைத் தடுத்துவிட்டு வட்டியை அப்படியே விட்டுவைப்பது பாதி அறம்கூட இல்லை.

தரகருக்கு முன்னால் போய்ச் சேர்வதே உதவி. பிரசவத்துக்கோ கல்லூரிக் கட்டணத்துக்கோ வேண்டிய பணம் அந்த வாரமே வட்டியில்லாமல் கிடைத்தால் பல கடன்கள் முளைக்கவே முளைக்காது. ஊர்ச் சங்கம், பழைய மாணவர்கள், வெளிநாட்டில் சம்பாதிப்பவர்கள் எனப் பத்துப் பேர் கூடினால் இது நடக்கும். சம்பளச் சான்று இல்லாதவருக்குக் கூட்டுறவு வங்கியில் மனு எழுதிக் கொடுத்து உடன் போவதும், மிரட்டும் வட்டிக்காரர் மீது புகார் கொடுக்கத் துணை நிற்பதும் பணம் இல்லாதவராலும் முடியும். பட்டறை முதலாளி அட்வான்ஸையும் பிடித்தத்தையும் எழுதிக் கையில் கொடுத்தால் எவ்வளவு பாக்கி என்பதாவது தொழிலாளிக்குத் தெரியும்.

சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவரின் தவிப்பும் உண்மையானது. அதைத்தான் தரகர் காசாக்குகிறார். மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைத் தானமாகப் பெறும் அரசுத் திட்டம் தமிழ்நாட்டில் 2008 முதல் நடக்கிறது. அதில் தானம் தரப் பதிவு செய்பவர்கள் வீட்டாரிடமும் இப்போதே சொல்லிவைக்க வேண்டும். மூளைச்சாவு நேர்ந்தால் மருத்துவர்கள் கேட்கப்போவது வீட்டாரின் ஒப்புதலைத்தான்.