நீளமான வாக்கியம்

அந்த வாக்கியம் அப்படியொன்றும் நீளமில்லை. அவர் பலமுறை எண்ணிப் பார்த்துவிட்டார். ஒரு விளி, இரண்டு கேள்வி. அவ்வளவுதான்.

2019 ஜனவரி 22, டர்பன் கிங்ஸ்மீட் மைதானம், இரண்டாவது ஒருநாள் போட்டி. 203 ரன்னில் சுருண்ட பாகிஸ்தான், தென்னாப்பிரிக்காவை 80க்கு 5 விக்கெட் என்று மடக்கிவிட்டது. அதன் பிறகு வான் டர் டுசனும் பெலுக்வாயோவும் அசைய மறுத்தார்கள். எரிச்சலில் இருந்த கேப்டனும் விக்கெட் கீப்பருமான சர்ஃபராஸ் அகமது, பெலுக்வாயோவை நோக்கி உருதுவில் ஏதோ சொன்னார். ஸ்டம்ப் மைக் அதை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. என்ன சொல்கிறார் என்று வர்ணனை அறையில் மைக் ஹேஸ்மேன், ரமீஸ் ராஜாவிடம் கேட்டார். மொழிபெயர்ப்பது கஷ்டம், பெரிய நீளமான வாக்கியம் என்றார் ரமீஸ்.

இந்தப் பதில்தான் வாக்கியத்தை எண்ணிப் பார்த்தவரைத் தூங்கவிடவில்லை. வசவுகூட அல்ல, இந்தப் பதில்.

அவருக்குப் பிழைப்பே மொழிபெயர்ப்பு. இந்தித் தொடர்களின் வசனத்தைத் தமிழாக்கித் தருகிறவர். கஷ்டமான வாக்கியம் எது, கஷ்டப்பட விரும்பாத வாக்கியம் எது என்பது அவருக்குத் தெரியும். சர்ஃபராஸ் சொன்னதைத் தமிழில் வைத்தால் ஏறக்குறைய இப்படி வரும்: டேய் கறுப்பா, உங்கம்மா இன்னைக்கு எங்க உட்கார்ந்திருக்காங்க, என்ன ஓத வைச்சுட்டு வந்திருக்க? அதிர்ஷ்டக்காரனே, அம்மாவின் பிரார்த்தனையில்தானே தப்பித்துக்கொண்டிருக்கிறாய் என்ற எரிச்சல்.

அந்த 'உட்கார்ந்திருக்காங்க'வில்தான் அவர் மாட்டிக்கொண்டார். பேட்ஸ்மேனுக்கு ஒருமை, அம்மாவுக்குப் பன்மை. உருதுவில் அப்படித்தான் இருக்கிறது. ஆங்கிலச் செய்திகளில் அது வரவில்லை, வரவும் முடியாது. தமிழில் ஒரு 'ங்க' போட்டால் போதும். மகனை நிறத்தால் கூப்பிடுகிற அதே மூச்சில், முகம் தெரியாத தாய்க்கு மரியாதை போகிறது. நாக்கு எங்கே நிற்க வேண்டும் என்று பழகியிருக்கிறது, எங்கே நிற்க வேண்டாம் என்றும் பழகியிருக்கிறது. இதற்கு எப்படித் தண்டனை கணக்கிடுவது?

ஐசிசி கணக்கிட்டது. நான்கு ஆட்டங்கள் தடை. தடைக்கு முன்பே சர்ஃபராஸ் நேரில் போய்க் கைகொடுத்து மன்னிப்புக் கேட்டார். மன்னித்துவிட்டோம் என்றார் தென்னாப்பிரிக்கக் கேப்டன் டு பிளெசி. ஆனால் ட்விட்டரில் முதலில் வெளியான வருத்தத்தில் ஒரு வரி இருந்தது. தன் பேச்சு யாரையும் குறிவைத்ததல்ல, எதிரணியின் காதில் விழவேண்டும், அவர்களுக்குப் புரியவேண்டும் என்று தான் நினைக்கவேயில்லை என்பது அதன் சாரம். புரியாது என்று நம்பித்தான் பேசினேன் என்பது மன்னிப்பா, ஒப்புதல் வாக்குமூலமா? ஸ்லிப்பில் நின்றவர் இதையே சொல்லியிருந்தால் காற்றோடு போயிருக்கும். கீப்பருக்கு மைக் காலடியில் இருக்கிறது.

2008 சிட்னி டெஸ்டில் சிக்கல் நேர் எதிரானது. அங்கே மைக் யாருக்கும் உதவவில்லை. ஹர்பஜன் சிங் தன்னைக் குரங்கு என்றார் என்பது ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ சைமண்ட்ஸின் புகார். அது 'மங்கி' அல்ல, அதேபோல் ஒலிக்கும் ஓர் இந்தி வசவு என்றது இந்தியத் தரப்பு. அந்த வசவில் வருவதும் அம்மாதான், மரியாதைப் பன்மை இல்லாத அம்மா. முதலில் விதித்த மூன்று டெஸ்ட் தடையை, மேல்முறையீட்டில் நியூசிலாந்து நீதிபதி ஜான் ஹேன்சன் நீக்கினார். இனவசை நிரூபிக்கப்படவில்லை, கெட்ட வார்த்தைக்கு மட்டும் ஆட்டச் சம்பளத்தில் பாதி அபராதம். தாயைத் திட்டினேன் என்பது ஒருவருக்குத் தற்காப்பு வாதமாக முடிந்த விந்தையை அன்று எத்தனை பேர் கவனித்தார்கள் என்று தெரியவில்லை.

பம்பாயில், தாராவியில், மொழிபெயர்ப்பாளருக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயது. அப்பா வேலைக்குப் போயிருந்த நேரம். வாடகை இரண்டு மாதம் பாக்கி. வாசலில் நின்று வீட்டுக்காரர் இந்தியில் கத்தினார். நெடுநேரம் கத்தினார். 'காலா மதராசி' வந்தது, அம்மாவும் வந்தது. திட்டு அப்பாவுக்கு. ஆக, அந்த அம்மா என்பது அவருக்குப் பக்கத்தில் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றிருந்த ஆச்சி.

"என்னலே சொல்லுதான்?"

"வாடகையைச் சீக்கிரம் தரச் சொல்லுதாரு ஆச்சி."

"இம்புட்டு நேரம் கத்துனதுக்கு இவ்வளவுதானா?"

இவ்வளவுதான் என்று தலையாட்டினான் பையன். ரமீஸ் சின்ன வாக்கியத்தை நீளம் என்றார். இவர் நீளமானதைச் சின்னதாக்கினார். யாரைக் காப்பாற்றினார்? ஆச்சியை என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தார். வீட்டுக்காரரும் அதில் தப்பித்துக்கொண்டார் என்பது டர்பன் ஆட்டத்துக்குப் பிறகுதான் உறைத்தது.

ரமீஸுக்கும் ஏதாவது காரணம் இருந்திருக்கலாம். நேரலையில், சொந்த நாட்டுக் கேப்டனின் வாயிலிருந்து விழுந்ததை உலகத்துக்கு எடுத்துச் சொல்ல அவருக்குக் கிடைத்தது இரண்டு நொடி. அந்த இரண்டு நொடியில் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யாராவது கேட்டால், இவரிடம் தயாரான பதில் இல்லை.

மொழிபெயர்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மேற்கிந்திய வீரர் டேரன் சமி சாட்சி. சன்ரைசர்ஸ் ஹைதராபாத்தில் ஆடியபோது 'காலூ' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். வலிமையானவன் என்கிற மாதிரி ஏதோ அர்த்தம் என்று நினைத்துக்கொண்டு, கூப்பிடும்போது அவரும் சிரித்திருக்கிறார். கறுப்பன் என்ற பொருள் 2020இல்தான் தெரிந்தது. கொதித்துப்போய் வீடியோ போட்டார். பிறகு அன்றைய சகவீரர் ஒருவர் அவரிடம் பேசினார், அன்பில் சொன்னதுதான் என்று சமியும் ஏற்றுக்கொண்டார். ஆனால் அந்தப் பழைய சிரிப்பு? அதை யார் திருப்பித் தருவது?

நம் வீடுகளிலும் கறுப்பா, கறுப்பி என்று கொஞ்சலாகக் கூப்பிடுவதுண்டு. அந்தக் கொஞ்சல் எல்லாம் கொஞ்சல் இல்லை என்பதை 2017இல் சென்னையின் அபினவ் முகுந்த் பகிரங்கமாக எழுதினார். நிறத்தை வைத்துக் கேலிசெய்கிறவர்களுக்கு, இந்திய டெஸ்ட் அணியில் இருந்தபடியே அவர் சொன்ன பதில் அது.

பெலுக்வாயோ அந்த டர்பன் ஆட்டத்தில் நான்கு விக்கெட் எடுத்து, ஆட்டமிழக்காமல் 69 அடித்து வென்று கொடுத்தார். ஆட்ட நாயகனும் அவரே. தடையும் முடிந்தது. அதே ஆண்டு உலகக் கோப்பைக்குச் சர்ஃபராஸ்தான் கேப்டனாகப் போனார். நான்கு ஆட்டம் அதிகமா, குறைவா என்று மொழிபெயர்ப்பாளருக்குச் சொல்லத் தெரியவில்லை. 'ங்க'வுக்காக ஓர் ஆட்டம் குறைத்திருப்பாரா என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். அதற்கும் பதில் வரவில்லை.

ஆச்சி போய் வெகுகாலம் ஆயிற்று. அவளுக்கு எவ்வளவு இந்தி தெரியும் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. பதினோரு வருஷம் தாராவியில் இருந்தவள். காய்காரரிடம் எட்டணா குறைக்கச் சொல்லிச் சண்டை பிடிக்கும் அளவுக்கு நிச்சயம் தெரியும்.