கட்டி வைத்தவர் துவைக்க வேண்டும்

திகம்பர முனிவர் குளிப்பதில்லை. அவருக்கு விதித்த 28 மூலகுணங்களில் குளியாமையும் ஒன்று. நீரில் உயிர்கள் உண்டு. தன் உடம்பின் அழுக்குக்காக அவற்றை வதைக்கக் கூடாது என்பதால் அப்படி. வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்தவள் நான். ஜினாலயத்துக்குப் போகுமுன் நாங்கள் தலைக்குக் குளித்து, துவைத்த துணி உடுத்திப் போவோம். ஆனால் நாங்கள் விழுந்து கும்பிடும் முனிவரோ குளிக்காதவர், துணியே இல்லாதவர். உட்காருமுன் மயிற்பீலியால் தரையை வருடி, அங்கே ஊர்வது எதுவானாலும் நோகாமல் ஒதுக்கிவிட்டு உட்காருவார். தூய்மை எது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பீலிதான் நினைவுக்கு வரும்.

இப்போது பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். பேத்தி வளர்க்கும் இரண்டு கினிப்பன்றிகளின் படுக்கைத் துணியைத் துவைப்பது என் வேலை. யாரும் சொல்லவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். துவைக்கும்போது என்னை விடாத கேள்வி ஒன்று உண்டு. இது அறமா, இம்சையா?

எங்கள் இல்லற ஒழுக்க நூல்கள் கொல்லாமை விரதத்துக்கு ஐந்து குற்றங்கள் சொல்கின்றன: கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிச் சுமையேற்றுதல், உணவும் நீரும் தராமல் தடுத்தல். கொல்லாதவரும் இவற்றில் ஒன்றைச் செய்தால் விரதம் பழுதுபட்டதுதான். கூண்டு என்பது கட்டி வைத்தல். அதை மழுப்ப எனக்கு மனமில்லை. அவிழ்த்துவிடவும் வழியில்லை. ஆண்டீஸ் மலை மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வீட்டில் பழக்கிவிட்ட பிராணி இது. எங்கள் தெருவில் விட்டால் நாயும் பூனையும் பருந்தும் பொழுது சாயுமுன் முடித்துவிடும்.

கட்டியாயிற்று, அவிழ்க்க முடியாது என்றால் பிறகு என்ன கடமை? இங்கேதான் முனிவருக்கும் இந்தப் பிராணிக்கும் உள்ள வேறுபாடு எனக்குத் தெளிவாகிறது. மழைக்காலம் தவிர முனிவர் ஓரிடத்தில் நிலையாகத் தங்காமல் நடந்துகொண்டே இருக்கிறார். மலம் கழிக்க உயிரில்லாத, உலர்ந்த இடமாகத் தேடிப் போகிறார். அவர் காலுக்கு விடுதலை இருக்கிறது. கூண்டில் இருப்பதோ தன் மூத்திரத்தின் மேலேயே உண்டு, அதன் மேலேயே உறங்க வேண்டும். அதிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் சிதைக்க, அம்மோனியா எழுகிறது. தரையோடு தரையாகக் கிடக்கும் பிராணியின் நெஞ்சுக்குள் முதலில் போவது அந்தக் காற்றுதான். ஈரத்தில் நின்றால் பாதம் வீங்கிப் புண்ணாகும். விலகிப் போகும் வழியை நாம் பறித்துக்கொண்டோம். அதனால் அழுக்கை விலக்கும் பொறுப்பு நம்முடையது.

துணி ஃப்ளீஸ். பாலியெஸ்டர் இழை; தானாக நீரைக் குடிக்காது. மேலே விழும் மூத்திரம் அதன் ஊடாக இறங்கி அடியில் விரித்திருக்கும் பருத்தித் துண்டில் தங்கும், மேல்பக்கம் சீக்கிரம் காய்ந்துவிடும். புதுத் துணியில் ஆலையின் பூச்சு இருப்பதால் முதலில் நீர் முத்து முத்தாக மேலேயே நிற்கும். பல தடவை அலசிய பிறகுதான் இறங்கத் தொடங்கும். மணக்கட்டும் என்று சாஃப்ட்னர் ஊற்றினால் அது இழைமேல் மெழுகுபோல் படிந்து, மறுபடியும் நீர் இறங்காது. நம் மூக்குக்குப் பிடித்த அந்த மணம் அவற்றின் காலடியை ஈரமாக்கிவிடும். அதனால் அந்தப் புட்டியைத் துணிக்கூடைப் பக்கம் நான் விடுவதில்லை.

காலையில் சின்னத் துடைப்பத்தால் புழுக்கைகளைக் கூட்டிச் செடித்தொட்டிக்குப் போடுகிறேன். மூன்று நாலு நாளுக்கொருமுறை துணியைத் தூக்குகிறேன். தூக்குமுன் மடிப்பு ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பார்ப்பேன். எறும்போ பூச்சியோ இருக்கும், சில நேரம் கினிப்பன்றியே ஒளிந்துகொண்டிருக்கும். பால்கனியில் உதறி, ரப்பர் பிரஷால் மயிரையும் உலர்புல் துணுக்கையும் வழித்தெடுத்த பிறகே மெஷினுக்குப் போகும். இவற்றின் மூத்திரம் காரத்தன்மை உடையது, சுண்ணாம்புச் சத்து மிகுந்தது; காய்ந்தால் வெள்ளையாகப் படியும். வினிகர் போடச் சொல்கிறார்கள். புளிக்க வைத்தது என்பதால் அதை நான் வீட்டுக்குள் விடுவதில்லை. எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊறவைத்தால் அந்தப் படிவு கரைந்துவிடுகிறது. கொதிநீரும் இஸ்திரியும் கூடாது, இழை கெட்டுவிடும். நகம் மாட்டும்படி ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்த்து மடித்து வைக்கிறேன்.

உயிர் நோகாதபடி நடக்கும் கவன நெறியை நாங்கள் சமிதி என்போம். பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் கவனம் ஒரு சமிதி. கழிவை எங்கே விடுகிறோம் என்ற கவனம் இன்னொன்று. முனிவர் காக்கும் ஐந்து சமிதிகளில் இவை இரண்டும் அடக்கம். பூசையையும் தியானத்தையும் பேசும் ஒரு சமயம் கழிவு நீக்குவதையும் ஒரு நெறியாக வைத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

ஆனாலும் துவைத்தல் இம்சைதான். இம்சையை எங்கள் மரபு நாலாகப் பிரிக்கிறது: எண்ணிச் செய்வது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. இல்லறத்தார் முதலாவதை முற்றாக விட வேண்டும். மற்றவற்றை முடிந்தவரை குறைக்க வேண்டும். துவைப்பது இரண்டாம் வகை. நீரிலும் துணியிலும் உள்ள நுண்ணுயிர்கள் மடிகின்றன. போதாததற்கு, ஃப்ளீஸ் ஒவ்வொரு துவைப்பிலும் கண்ணுக்குப் புலப்படாத பிளாஸ்டிக் இழைகளை உதிர்க்கிறது. அவை சாக்கடை வழியே ஏரிக்குப் போய், மீன் வயிற்றுக்கும் போகும். எங்கள் அம்மா கிணற்று நீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்க வைப்பார். வடிகட்டிய துணியைச் சும்மா பிழிய மாட்டார். அதில் தங்கிய உயிர்களை அதே கிணற்றுக்குள் மெல்ல அலசி விடுவார். நான் வெளியேறும் நீருக்கு அதைச் செய்யப் பார்க்கிறேன். நெருக்கிப் பின்னிய வலைப்பைக்குள் துணியைப் போட்டு, குளிர்நீரில், மெஷின் நிறையும்போது மட்டும் துவைக்கிறேன். பையில் சிக்கிய பஞ்சைக் குப்பையில் சேர்க்கிறேன். முழுவதும் தடுக்க முடியவில்லை.

எனவே தினமும் துவைப்பது எனக்கு உடன்பாடில்லை. எத்தனை முறை என்பதை அவற்றின் நுரையீரலும் பாதமும் சொல்ல வேண்டும், விருந்தாளியின் முகச்சுளிப்பு சொல்லக் கூடாது. எல்லாத் துணியையும் ஒரே நாளில் மாற்றினால் அவை மூலை மூலையாக மோந்து, பின்பக்கத்தைத் தரையில் இழுத்துத் தம் வாசனையை மறுபடி பூசத் தொடங்குகின்றன. அந்த வாசனைதான் அவற்றுக்கு வீடு. ஆகவே அவை உறங்கும் துணிப்பையை ஒரு முறை விட்டு ஒரு முறைதான் துவைக்கிறேன், அதில் ஈரம் இல்லாதவரை.

ஊரிலிருந்து வந்த என் நாத்தனார், “அண்ணி, இந்த நேரத்துக்கு ரெண்டு சாமாயிகம் பண்ணலாமே” என்றார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. சாமாயிகம் என்னும் தியானத்தில் ஒரு உயிரும் சாகாது. ஆனால் நான் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஈரத்தில் நிற்கும் உயிருக்கு யார் பொறுப்பு? கட்டிய கைக்குரிய வினையைத் தியானம் செய்யும் கை தீர்க்கும் என்று நான் நம்பவில்லை. துவைத்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.

பேத்தி அடுத்த ஜோடியைப் பற்றி இப்போதே பேசுகிறாள். கடையில் காசு கொடுத்து வாங்கினால் இன்னொரு குட்டியைக் கூண்டுக்காகவே பிறக்க வைப்பார்கள், அது வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். யாராவது வளர்க்க முடியாமல் கைவிட்டது இருந்தால் கொண்டு வரட்டும். “அதுக்கும் நீதான் துவைப்பியா ஆயா?” என்றாள். அவளுக்குப் பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன்.