வழித்துணையின் கடன்

நற்குறிக்கோள் ஒன்றை மேற்கொண்டு இருவர் கூடி வழிநடக்குங்கால், அவருள் ஒருவர் தளர்வாராயின், மற்றவர்க்குக் கடன் யாது? குறித்த காலத்திற் குறித்த இடத்தை அடைதலோ, தளர்ந்தாரோடு தங்குதலோ? இவ்வினா வழிநடைக்கு மாத்திரம் உரியதன்று. இல்லறத்தார்க்கும், கூடித் தொண்டு செய்வார்க்கும், சிறப்பாக வகுப்பொன்றை நடத்திச் செல்லும் ஆசிரியர்க்கும் நாடோறும் எதிர்ப்படுவது. அடியேன் இதனை நூலிலே கண்டிலேன். மூதூர் வழியிலே கண்டேன்.

யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு அடியார்கள் கால்நடையாகச் செல்லும் யாத்திரையை அறியாதார் இலர். முல்லைத்தீவு, திருகோணமலை, மூதூர், வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் என்னும் இடங்களைக் கடந்து, உகந்தை முருகனை வணங்கி, அப்பால் வனத்தினூடே நடந்து, கதிர்காமத் திருவிழாவின் கொடியேற்றத்துக்குச் சென்று சேர்வர். ஏறத்தாழ ஒன்றரை மாத நடை அது. போர்க்காலத்திலே தடைப்பட்டும் இடையறவுபட்டும் கிடந்த இவ்யாத்திரை, 2009 இற் போர் முடிந்தபின் மீண்டும் தழைத்தது. திருகோணமலையிலிருந்து மூதூருக்குத் தரைவழியே வருவோர் முன்னாளிற் ‘பாதை’ என வழங்கும் மிதவைகளில் ஏறியே நீர்த்துறைகளைக் கடந்தனர். கிண்ணியாவிலே 2009 இற் பாலம் திறக்கப்பட்டது. பின்னர் ஏனைத் துறைகளிலும் பாலங்கள் அமைந்தன. மகாவலிகங்கை 335 கிலோமீற்றர் ஓடி வந்து கொட்டியாரக் குடாவிற் கலக்கும் அந்நிலத்தை இன்று கால் நனையாமற் கடக்கலாம்.

சில ஆண்டுகளின்முன் அடியேனும், என்னின் மூத்தவராகிய ஆசிரிய நண்பர் ஒருவரும், வேல் தாங்கிச் சென்ற ஒரு கூட்டத்தோடு சேர்ந்து நடந்தோம். மூதூரில் இரவு தங்கி, வைகறையிற் புறப்பட்டு, மாலைப் பூசைக்குமுன் கிளிவெட்டி அம்மன் கோயிலை அடைவதென்பது அன்றைய ஏற்பாடு. செல்லும் வழியிலுள்ள கோயில்களில் ஒரு பூசையுந் தவறவிடுவதில்லை என அடியேன் சந்நிதியிலே சங்கற்பஞ் செய்திருந்தேன்.

கதிரவன் எழுந்து இரண்டு நாழிகை கழியுமுன் நண்பர் நொண்டத் தொடங்கினார். முதல்நாள் எழுந்த கொப்புளம் உடைந்து, குதிகால் புண்ணாயிற்று. தார்வீதியோ கொதித்தது. கூட்டத்தின் அரோகரா ஒலி சிறிது சிறிதாகத் தேய்ந்து, பின் கேளாதொழிந்தது. “நீர் முந்திச் செல்லும், நான் மெல்ல வந்து சேருவேன்” என்றார் நண்பர். அச்சொல்லைக் கேட்டபோது என் உள்ளத்தில் எழுந்தது இரக்கமன்று. விடுதலை கிடைத்தது என்னும் மகிழ்ச்சியே. இதனை மறைத்துப் பயனில்லை. நூறு அடி முன்னே சென்றும் விட்டேன்.

அங்கே வீதியோரத்து வீடொன்றின் வாயிலில் நின்ற இஸ்லாமியப் பெரியவர் ஒருவர், பின்னே தனித்து வந்த நண்பரைக் கண்டு, ஓடிச்சென்று கைகொடுத்து அழைத்து வந்து வேப்பமர நிழலில் இருத்தினார். வெந்நீரில் உப்பிட்டுக் கொணர்ந்து கால் கழுவச் செய்தார். பின்பு என்னை நோக்கி, “கால் இப்படியிருக்க எங்கே ஓடுகிறீர்கள், சாமி? கதிர்காமம் ஓடிப்போய்விடாது, இருந்து போங்கள்” என்றார். அடியேன் தலைகுனிந்து இருந்தேன்.

அற்றேல், இறைவன்பொருட்டுச் செய்த சங்கற்பம் மனிதன்பொருட்டுச் செய்யும் உதவியினும் பெரிதன்றோ எனின், கூறுதும். பாரதத்தின் இறுதியிலே தருமர் வடதிசை நோக்கி நடக்குங்கால், பாஞ்சாலியும் தம்பியர் நால்வரும் ஒருவர்பின் ஒருவராய் வீழ்ந்தனர். அவர் திரும்பிப் பாராது நடந்தார். ஆயினும் கடைசிவரை உடன்வந்த நாயை விட்டு விண்ணுலகம் புக மறுத்தார். தம்பியரை விட்டவர் நாயை விடாதது முரணன்றோ? அன்று. இறந்தாரைத் தம்மால் எழுப்புதல் இயலாதென்றும், உயிரோடிருந்து தம்மை அடைந்ததனைக் கைவிடுதல் தகாதென்றும் அவரே அதற்கு விடை கூறினார். எனவே நமது துணையால் ஒருவர்க்கு ஆவதொன்று உண்டா என்பதே நோக்கத்தக்கது. உண்டேல், நிற்றலே கடன். விண்ணுலகமே அதற்குப் பின்னதாயின், ஒரு மாலைப் பூசை எம்மாத்திரம்!

இதனினுந் தெளிவான சான்று நமது பெரியபுராணத்தில் உளது. திருநாவுக்கரசு நாயனார் திருப்பைஞ்ஞீலியை நோக்கி நடக்குங்கால், பசியாலும் நீர்வேட்கையாலும் இளைத்தார். இறைவன் அவ்வழியிலே குளமும் சோலையும் அமைத்து, அந்தணர் வடிவில் வந்து, பொதிசோறு அளித்து, தாமும் அவ்வூர்க்கே செல்வதாகக் கூறி உடன் நடந்து, பைஞ்ஞீலியின் அணித்தே மறைந்தருளினார். கோயிலினுள் எழுந்தருளியிருக்கும் பெருமான் அடியார் வந்து சேரட்டும் என அங்கே காத்திருந்தாரல்லர். தளர்ந்தவர் நடையளவே தம் நடையாகக் கொண்டு வழியில் வந்தார். நாம் விரைந்து சென்று காண விரும்பும் பெருமான் பின்தங்கியவர் பக்கத்தே நடப்பாராயின், முந்திச் செல்வார் காண்பது யாரை?

மூதூர் மண்ணே இதற்கு வேறொரு சான்றுந் தரும். 1660 இல் இக்கொட்டியாரக் கரையிலே கண்டியரசன் ஆட்களாற் பிடிபட்ட றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாக மலைநாட்டிற் சிறையிருந்தார். 1679 இல் ஸ்டீபன் றட்லண்ட் என்னும் தோழரோடு காட்டினூடே மல்வத்து ஓயாவைத் தொடர்ந்து நடந்து, ஒல்லாந்தர் வசமிருந்த அரிப்புக் கோட்டையை அடைந்தார். உயிர்க்கு அஞ்சி ஓடிய அவ்விருவரும் ஒருவரையொருவர் விட்டு ஓடிற்றிலர். அச்சமும் பிரிக்காத துணையை, பத்தியின் பெயரால் நாம் பிரிதல் நகைப்புக்கிடமாம்.

இனி, ஒருவர்பொருட்டுக் கூட்டம் முழுவதும் நிற்றல் வேண்டுமோ எனின், வேண்டா. வேல் செல்லல் வேண்டும். சமையல் முந்தி நடத்தல் வேண்டும். சிறுவரும் முதியோரும் இருட்டுமுன் தங்கிடஞ் சேரல் வேண்டும். ஆயினும், ஒருவராவது பின்தங்கியவரோடு நிற்றல் வேண்டும். அவ்வொருவர் யார் என்னும் வினா எழுங்கால், பக்கத்தே நடந்தவரே அவர்.

அன்று நாம் கிளிவெட்டியை அடைந்திலேம். வழியோரத்துப் பள்ளிக்கூடமொன்றின் விறாந்தையிற் படங்கு விரித்துக் கிடந்தோம். நண்பர் நோவோடும் பஞ்சாக்கரஞ் செபித்து அயர்ந்துறங்கினார். அடியேனோ, தவறிய பூசையை எண்ணி எண்ணி நள்ளிரவுவரை உள்ளே புழுங்கிக் கிடந்தேன். மறுநாட் காலை கிளிவெட்டி சேர்ந்து வினாவியபோது, பூசை குறைவற நடந்ததென்றனர். அப்பொழுதே உணர்ந்தேன்: நான் இன்றியும் பூசை நிறைவெய்திற்று, நான் இன்றேல் நண்பர் அவ்விரவில் தனித்திருப்பார். என் இன்மையால் எங்கே குறை நேருமோ அங்கேயே என் கடன் இருந்தது. எனது சங்கற்பம் என நான் போற்றியதிற் பெரும்பகுதி ‘எனது’ என்பதே. ஆணவத்தைத் தேய்க்க எடுத்த விரதம் ஆணவத்துக்கே இரையாகப் பார்த்தது. பூசையைத் தவறவிட்டும் துணைநின்றேன் என்று பின்னர்த் தருக்குதலும் அதுவே. உடன்நிற்பார் அதனையுங் காத்துக்கொள்ளல் வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே, அவ்விறாந்தையிற் கிடந்தபோது பிறிதொன்றும் நினைவிற்கு வந்தது. பாடத்திட்டத்தை ஆண்டிறுதிக்குள் முடித்தல் வேண்டும் என்று விரைந்த ஓராண்டில், கடைசி வாங்கிலிருந்த மாணவனொருவன் கணக்கு விளங்கவில்லை என்று இருமுறை எழுந்து சொன்னான். பிறகு பார்ப்போம் என்றேன். மூன்றாமுறை அவன் எழவில்லை. அடுத்த தவணையிற் பள்ளிக்கும் வரவில்லை. பாடத்திட்டம் குறித்த நாளில் முடிந்தது. அம்முடிவை யாருக்காகச் சாதித்தேன் என்பதற்கு இன்றுவரை விடையில்லை.

வகுப்பிலே ஆசிரியர் கூட்டத்தை நடத்துவாருமாவர், வழித்துணையுமாவர். வேலைத் தாங்கி முன்னே செல்லுதல் ஒரு கடன். மணியடித்தபின் அரை நாழிகையாவது கடைசி வாங்கில் அமர்ந்து, எழாதவன் வினாவைக் கேட்டல் மற்றொரு கடன். முன்னதற்குச் சான்றிதழ் உண்டு, பின்னதற்கு இல்லை. ஆயினும் பைஞ்ஞீலி வழியிலே பொதிசோறு கொண்டு வந்தவர் நடந்த நடை பின்னதே. அந்நடையைப் பழகுவோமாக.