ஆசையாகக் கொடுக்கிறோம், யாருடைய ஆசைக்கு?

பிள்ளை இருக்கிற வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்பது நம் வழக்கம். போகிற வழியில் கடையில் நிறுத்தி, சாக்லெட்டோ சிப்ஸோ ரெண்டு பாக்கெட் பானமோ வாங்கிக்கொண்டுதான் போவோம். பிள்ளை ஓடி வந்து வாங்கும்போது நமக்கு மனசு நிறைந்துவிடும். "இப்பத்தான் சாப்பிட்டான், வேணாம் மாமா" என்று அம்மாக்காரி தடுத்தால், "ஆசையா வாங்கிட்டு வந்தேன், குடும்மா" என்போம். அந்த 'ஆசையா' என்ற சொல் கொஞ்ச நாளாகவே என்னை உறுத்துகிறது. அது யாருடைய ஆசை?

என்னைப் பொறுத்தவரை இது தர்மம் சம்பந்தப்பட்ட கேள்வி. வளர்ந்த மனுசன் தேத்தண்ணியில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டால் அது அவர் உடம்பு, அவர் பாடு. மூன்று வயதுப் பிள்ளைக்கு அப்படி எதையும் தேர்ந்தெடுக்கத் தெரியாது. நாம் எதைப் பழக்குகிறோமோ அதுதான் அதன் நாக்குக்கு ருசி. செய்வது நாம், பலனை அனுபவிக்கப் போவது அது. வினைப்பயன் பற்றி வகுப்பெடுக்கிற நாம் இதை யோசிக்காமல் விடலாமா?

நைவேத்தியம் தயார் செய்பவரைப் பார்த்திருப்பீர்கள். குளித்து, பாத்திரத்தைத் தனியாகக் கழுவி, நல்ல அரிசியாகப் பொறுக்கி, ருசிகூடப் பார்க்காமல் கொண்டுபோய் வைப்பார். சாமி கேட்டு அடம் பிடிக்கவில்லை. எது தகுந்தது என்று நாம்தான் யோசித்துப் படைக்கிறோம். பிள்ளையைத் தெய்வம் என்கிறோம், ஆனால் அதன் தட்டில் கைக்கு அகப்பட்டதைப் போடுகிறோம்.

அன்பு இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு கதை இருக்கிறது. 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற குழந்தை மருத்துவர் பேசினார். பேச்சின் தலைப்பு 'பாலும் கொலையும்'. தாய்ப்பாலுக்குப் பதில் டின்னில் அடைத்த இனிப்புப் பாலை, அதாவது சூசு பெக்காட்டைத் தண்ணீரில் கரைத்துக் கைக்குழந்தைகளுக்குப் புகட்டும் பழக்கம் அப்போது இங்கே பரவியிருந்தது. அதில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. பிஞ்சு உடம்புக்கு வேண்டிய சத்து குறைவு. குழந்தைகள் நோயில் விழுந்தார்கள், செத்தும் போனார்கள். அந்தத் தாய்மார்களுக்கு அன்பில் குறையே இல்லை. டின் பால்தான் உசத்தி என்று விளம்பரம் சொன்னதை நம்பி, இருந்த காசைப் போட்டு வாங்கியவர்கள் அவர்கள். டாக்டர் அவர்களைத் திட்டவில்லை, அவர்களை நம்ப வைத்து விற்றவர்கள் மேல்தான் அவருக்குக் கோபம். சொல்லப்போனால், விசாரிக்காத அன்பு எவ்வளவு சுலபமாக விலைபோகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

இன்றைக்கு டின் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். 2022 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் வளராதவர். பஞ்சம் இல்லாத நாட்டில்! அப்படியானால் வயிறு நிறைவது வேறு, உடம்பு வளர்வது வேறு. காலை ஆறு மணிக்கு ஃபேக்டரி பஸ் ஏறும் அம்மா, ராத்திரி வந்து சோற்றில் கீச்சாப் ஊற்றி ஒரு முட்டையைப் பொரித்து வைத்தால், அவரைக் குறை சொல்ல நான் யார்? முட்டையாவது வைத்தாரே. கூட ஒரு பிடி பருப்பு, கொஞ்சம் முருங்கைக்கீரை சேர்ந்தால் போதும். நம்மிடையே பல வீடுகளில் முருங்கை கொல்லையிலேயே நிற்கிறது.

தேத்தண்ணி விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ரெண்டு வயதுப் பிள்ளைக்கு பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தொட்டு ஊட்டுவதைத் தோட்டத்துக் காலத்திலிருந்தே பார்க்கிறோம். சாப்பாட்டோடு குடிக்கிற தேயிலை, கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். சைவம் சாப்பிடும் வீட்டில் இரும்புச்சத்துக்கு அந்தக் கீரையையும் பருப்பையும்தான் பெரும்பாலும் நம்பியிருக்கிறோம். விரதம், சைவம் என்று பெருமைப்படுகிற நாம் இதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாமா? தேத்தண்ணிக்குப் பதில் எலுமிச்சை பிழிந்த சோறோ, ஒரு துண்டு கொய்யாவோ கொடுத்தால் அதே இரும்பு நன்றாகச் சேரும்.

இன்னொரு பக்கமும் உண்டு. சத்துள்ளதைத்தான் கொடுப்பேன் என்று கிளம்பி, கைத்தொலைபேசியைக் காட்டி வாயைத் திறக்க வைத்து, "இன்னும் ஒரே ஒரு வாய்" என்று திணிப்பது. இதுவும் பிள்ளைக்கு நியாயம் இல்லை. எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் ஒரு பங்கீடு சொல்கிறார்: என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு; சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் உரிமை. எனக்கு இது ரொம்பப் பிடித்தது. வள்ளுவர் மக்கட்பேறு அதிகாரத்தில் பாராட்டுவதும் பிள்ளை தானே கைவிட்டுக் குழப்பிய கூழைத்தான். கவனியுங்கள், பாயசம் இல்லை, கூழ். அதை ஊட்டிவிட்டதாகவும் அவர் சொல்லவில்லை.

அரசாங்கம் தன் பங்குக்கு ஏதோ செய்கிறது. 2019 ஜூலை 1 முதல், 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி வந்தது. 2025-ல் அது 90 சென். ஆனால் கோயில் அண்டாவில் நாம் கலக்குகிற சிராப்புக்கு வரியும் கிடையாது, பின்பக்கம் படித்துப் பார்க்க லேபிளும் கிடையாது. நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை நான்கு கரண்டிக்குள் இருந்தால் நல்லது. அந்தக் கப் சிராப்பில் பாதிக் கணக்கு முடிந்துவிடும்.

எங்கள் கிளையின் ஞாயிறு சமய வகுப்பில் இதைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. சிராப்பையும் கிரீம் பிஸ்கட்டையும் நிறுத்தலாம் என்றேன். ஒரு அண்ணன், "தம்பி, பாதிப் பிள்ளைங்க அதுக்காகத்தான் வருதுங்க. நிறுத்திட்டா தேவாரம் யாருக்குச் சொல்லிக் கொடுப்பே?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இருந்தாலும் நான் கேட்டேன்: இனிப்பைக் காட்டி வரவழைத்தால், பிள்ளை மனசில் சாமியோடு சேர்ந்து நிற்கப்போவது எது? தேவாரமா, கிரீம் பிஸ்கட்டா? அவர் சிரித்தார், ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு அக்கா நடுவில் வந்து, "ரெண்டு மாசம் செஞ்சு பார்ப்போம், அப்புறம் சண்டை போடுங்க" என்றார்.

இப்போது கொண்டைக்கடலைச் சுண்டல், பப்பாளித் துண்டு, தண்ணீர். மாதத்தில் ஒரு நாள் சர்க்கரைப் பொங்கல் உண்டு. அது பிரசாதம், அதில் நான் கை வைக்க மாட்டேன். முதல் ரெண்டு வாரம் சுண்டல் பாதிக்கு மேல் மிஞ்சியது. கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை, அடுத்த வாரமும் அதையே வைத்தோம். வருகை கொஞ்சம் குறைந்தது உண்மை. வருகிறவர்களில் ஒரு சின்னப் பையன் கடலையை ஒவ்வொன்றாகத் தோலுரித்து, எண்ணி எண்ணிச் சாப்பிடுகிறான், வகுப்பு தொடங்கிய பிறகும். பிறந்தநாள் கேக் விஷயத்தில் அண்ணனுக்கும் எனக்கும் வழக்கு இன்னும் முடியவில்லை.